எத்தனை வாட்ஸ் போதும்?

கேமிங் கம்ப்யூட்டர் சேர்க்கிற பையன்கள் பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் சப்ளையைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்காக மாசக்கணக்கில் வீடியோ பார்ப்பார்கள். கண்ணாடிக் கதவு கேபினெட்டுக்கும் கலர் லைட் ஃபேனுக்கும் தாராளமாகக் கொடுப்பார்கள். கையில் மிச்சமிருக்கிற ஆயிரத்துச் சொச்சத்தை நீட்டி, "ஏதாவது ஒரு 500 வாட்ஸ் போட்டுக் கொடுங்கண்ணே" என்பார்கள். ரேடியோவும் டி.வி.யும் பழுது பார்த்தே பிள்ளைகளைக் கரையேற்றியவன் நான். செத்துப்போய் வந்த பெட்டிகளில் நான் முதலில் கைவைத்த இடம் பவர் சப்ளைதான். குடும்பங்களிலும் இந்த வழக்கம் உண்டு. கண்ணில் படுவதற்கு முதல் பணம் போகும், எல்லாவற்றையும் தாங்குவதற்கு மிச்சம் மீதி.

என் பேரன் அப்படி இல்லை, அவனுக்குப் பயம் அதிகம். ரைசன் 5 7600 பிராசஸர், ஆர்.டி.எக்ஸ் 4060 கார்டு என்று அளவாகத்தான் தேர்ந்தெடுத்தான். எஸ்.எம்.பி.எஸ். மட்டும் 850 வாட்ஸ். "எதுக்கும் இருக்கட்டும் தாத்தா" என்றான். இந்த "எதுக்கும் இருக்கட்டும்" என்ற பேச்சை நம்பி வாங்கிய சாமான்கள் எத்தனை வீட்டுப் பரணில் கிடக்கின்றன! பேப்பரை எடுடா என்றேன்.

அந்தக் கார்டு இழுப்பது 115 வாட்ஸ். பிராசஸர் முழு மூச்சில் ஓடினால் 88. மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., ஃபேன்கள் எல்லாவற்றுக்கும் தாராளமாகவே 60 வைத்துக்கொள்வோம். மொத்தம் 263. கார்டு தயாரித்த என்விடியாவோ 550 வாட்ஸ் சப்ளை போடச் சொல்கிறது. மிச்சம் எதற்கு? கிராஃபிக்ஸ் கார்டு ஒரே சீராக மின்சாரம் இழுப்பதில்லை. கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவான பொழுதில் வழக்கத்துக்கு மேல் எகிறி இறங்கும். அப்போது கைவிடாமல் நிற்க வேண்டும். கல்யாணச் சமையல்காரர் முந்நூறு பேர் என்று சொன்னால் முந்நூற்றைம்பது பேருக்கு உலை வைப்பார், ஆயிரம் பேருக்கு வைக்க மாட்டார். ஆக, இந்தக் கம்ப்யூட்டருக்கு நல்ல 550 போதும். இரண்டு வருஷத்தில் பெரிய கார்டு மாற்றுவேன் என்று உறுதியாகச் சொன்னால் 650.

நல்ல என்றால் என்ன? பெட்டியைத் திருப்பி ஸ்டிக்கரைப் படிக்க வேண்டும். மேலே பெரிய எழுத்தில் இருக்கும் வாட்ஸை விடுங்கள். 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இன்றைய பிராசஸரும் கார்டும் தின்பது ஏறக்குறைய முழுக்க அந்த 12 வோல்ட்டைத்தான். அங்கே 45 ஆம்பியர் என்றிருந்தால் 540 வாட்ஸ்; 550 என்று அது சொல்லிக்கொள்வது நியாயம். 500 வாட்ஸ் என்று மார்தட்டிக்கொண்டு உள்ளே 16 ஆம்பியர் மட்டும் வைத்திருக்கும் மலிவுச் சரக்கும் உண்டு. பெருக்கிப் பார்த்தால் 192 வாட்ஸ்! பெயருக்கும் சரக்குக்கும் இவ்வளவு தூரம்.

அப்படிப்பட்டதை மாட்டினால் வரும் வியாதியை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்துத் தெருப் பையனின் கம்ப்யூட்டர் படம் பார்த்தால் ஓடும், பாட்டுக் கேட்டால் ஓடும். விளையாட்டில் சண்டை உச்சத்துக்கு வரும்போது மட்டும் பட்டென்று அணைந்து மறுபடி எழும். விண்டோஸை இரண்டு முறை அழித்துப் போட்டார்கள், ராமை மாற்றினார்கள். சப்ளையை மாற்றியதும் நின்றது. அவன் அதிர்ஷ்டம், அது அணைந்ததோடு விட்டது. பாதுகாப்புச் சர்க்யூட் இல்லாத மலிவு சப்ளை வெடிக்கும்போது கார்டையும் போர்டையும் கூட அழைத்துக்கொண்டு போவதும் உண்டு.

80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு என்ற முத்திரைகளுக்கு மயங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுவரிலிருந்து இழுப்பதில் உள்ளே போய்ச் சேருவது பாதிச் சுமையில் பிரான்ஸுக்கு 85 விழுக்காடு, கோல்டுக்கு 90 விழுக்காடு என்பது 115 வோல்ட் சோதனைக்கான அளவு. நம் 260 வாட்ஸ் கணக்கில் சுவரிலிருந்து இழுப்பதில் வித்தியாசம் 17 வாட்ஸ்தான். தினம் நாலு மணி நேரம் விளையாடினாலும் வருஷத்துக்கு 25 யூனிட். அதை நம்பிக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். சூடு குறையும், ஃபேன் சத்தம் அடங்கும், பெரும்பாலும் உள்ளே சரக்கும் தரமாக இருக்கும், அதற்காகக் கொடுக்கலாம். அந்த முத்திரைக்கான சோதனை 23 டிகிரி அறையில் நடப்பது. மதுரையில் சித்திரை மாத மாடி அறை வேறு உலகம். அதனால் 40 அல்லது 50 டிகிரியில் முழு வாட்ஸ் தருமா, 105 டிகிரி கெப்பாசிட்டர் போட்டிருக்கிறார்களா, ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் வாரன்ட்டி உண்டா என்று கேளுங்கள். கெப்பாசிட்டருக்குப் பத்து டிகிரி சூடு ஏறினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும்.

கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடல் என்றால், பழைய சப்ளையின் கேபிளைப் புதியதில் செருகவே கூடாது. முனை பொருந்தும், உள்ளே கம்பி வரிசை மாறியிருக்கும், ஹார்டு டிஸ்க் புகைந்துவிடும்.

இன்னொன்று, புது கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்கிறது என்று சொல்லிச் சப்ளையைத் திருப்பித் தர ஓடுகிறார்கள். அது பெரும்பாலும் சப்ளையின் குற்றமில்லை. உள்ளே இரைச்சலை வடிகட்டும் சின்னக் கெப்பாசிட்டர்கள் தகரப் பெட்டியோடு இணைந்திருக்கும். கசியும் சொற்ப மின்சாரம் எர்த் வழியாக இறங்க வேண்டியது. எர்த் இல்லாவிட்டால் கேபினெட் ஏறக்குறைய 115 வோல்ட்டில் நிற்கும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் சாக்கெட்டில் செருகுகிற வீட்டில் எவ்வளவு விலை உயர்ந்த எஸ்.எம்.பி.எஸ். வாங்கியும் பயனில்லை. கடைக்குப் போகும் முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த மூன்றாவது ஓட்டையில் கம்பி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.