429 கோடிக்குள் ஒரு 641

பெரிய எண்களைக் காரணிப்படுத்திப் பழகியவர், எண் கைக்கு வந்ததும் வகுக்கத் தொடங்கிவிட மாட்டார். அது எப்படிப் பிறந்தது என்று முதலில் பார்ப்பார். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

4,29,49,67,297 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். இரண்டின் 32ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வருவது இது. 3, 5, 17, 257, 65537 என்று போகும் ஃபெர்மா எண்களின் வரிசையில் அடுத்தது. முந்தைய ஐந்தும் பகா எண்கள். அதனால் வரிசை முழுவதுமே அப்படித்தான் இருக்கும் என்று 1640இல் ஃபெர்மா நம்பினார். 1732இல் ஆய்லர் அதை உடைத்துக் காட்டினார்: 641 × 67,00,417.

அந்த 641 எப்படி அகப்படும்? 2, 3, 5, 7 என்று கண்ணை மூடிக்கொண்டு வகுத்துக்கொண்டே போனால் அது 116ஆவது பகா எண். ஆய்லர் பின்னாளில் நிறுவிய வழி வேறு. இந்த எண்ணுக்கு எந்தக் காரணி இருந்தாலும், அதை 64ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும். அந்தச் சல்லடையில் முதலில் தங்கும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே வேலை முடிந்தது! 1878இல் லூக்கா 64ஐ 128 ஆக்கினார். அப்போது 257, 641 இரண்டே மிஞ்சும். 257 தானே ஒரு ஃபெர்மா எண். இரு ஃபெர்மா எண்களுக்கு ஒன்றைத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. ஆகவே அதையும் தள்ளிவிட்டு நேரே 641க்குப் போகலாம். ஆய்லரின் விதி ஃபெர்மாவின் சிறிய தேற்றத்திலிருந்தே பிறப்பது. கருவி ஃபெர்மாவின் கையிலேயே இருந்தது என்பதுதான் வியப்பு.

67,00,417 மேலும் உடையுமா? அதன் வர்க்கமூலம் 2588ஐ ஒட்டி வருகிறது. அதே விதிப்படி சோதிக்க வேண்டியவை 641, 769, 1153, 1409 மட்டுமே. மீதிகள் முறையே 44, 120, 334, 622. ஆக, அது பகா எண்தான்.

வகைப்படுத்தும்போதும் இந்த எண் சும்மா விடாது. இரண்டை அடியாக வைத்துச் செய்யும் ஃபெர்மா சோதனையில் பகா எண் போலவே தேறிவிடும். மூன்றை அடியாக வைத்தால் சாயம் வெளுத்துவிடும். பகா எண் எதையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எழுத முடியாது. இதுவோ 65536² + 1² மட்டுமல்ல, 62264² + 20449²உம் கூட. காரணி தெரியாமலேயே பகு எண் என்று சொல்லிவிட இது போதும். அந்த நான்கு எண்களைக் கூட்டியும் கழித்தும், மீப்பெரு பொதுக் காரணி எடுத்துப் பாதியாக்கியும் பார்த்தால் 25² + 4² கிடைக்கும். அதுதான் 641. இதைத் தாளில் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் விடக்கூடாது.

ஃபெர்மா வரிசையை 0இலிருந்து எண்ணுவது வழக்கம். இந்த எண்ணின் இடம் 5. இடம் 20இல் இருப்பது 3,15,653 இலக்கங்கள் கொண்டது. அது பகு எண் என்பது நிரூபணமாகிவிட்டது. ஆனால் அதன் காரணி ஒன்றுகூட இன்னும் யாருக்கும் அகப்படவில்லை.