சாட்சிக் கையெழுத்து



என் 26 ஆண்டு ஊழியத்தில் எத்தனை திருமணங்களை நடத்தி வைத்தேன் என்று நான் கணக்கு வைத்ததில்லை. எல்லாவற்றிலும் என் இடம் ஒன்றே: பீடத்துக்கு முன்பாக, மணமக்களுக்கு எதிரே, கையில் ஆராதனைப் புத்தகத்தோடு. சென்ற ஆண்டு ஒரு திருமணத்தில் மாத்திரம் அந்த இடத்தில் வேறொருவர் நின்றார். நான் சில படிகள் கீழே ஒரு முழங்காலை மடக்கி, கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டிருந்தேன். மணமகள் என் தங்கையின் இளைய மகள். இடம், சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபம்.

எங்கள் மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் சான் ஹோசேயில் தங்கியிருந்த நாட்கள் அவை. ஒரு மாலை மருமகள் வந்தாள். தேநீர் ஆறும்வரை பேசாமல் இருந்துவிட்டு, "மாமா, நாங்கள் நகர மண்டபத்தில் திருமணம் செய்துகொள்ளப் போகிறோம். நீங்கள் கண்டிப்பாக வர வேண்டும். ஆனால் அங்கியோடு வேண்டாம், கேமராவோடு வாருங்கள்" என்றாள். இறையியல் கல்லூரி நாட்களிலிருந்தே படம் எடுப்பது என் பழக்கம் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆகிலும் அந்த வார்த்தை என்னைக் குத்தியது. மாப்பிள்ளையும் விசுவாசக் குடும்பத்துப் பிள்ளைதான். பின் ஏன் ஆலயம் இல்லை? ஓலை வாசிக்க வேண்டாமா? தாய்மாமன் ஒரு போதகனாய் இருந்தும் எவரோ ஒரு நகர அலுவலரா திருமணத்தை நடத்துவது?

அவள் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடனை அப்பா சாகும்வரை கட்டினார், மாமா. அந்தக் கல்யாணத்தில் பிரசங்கம் செய்தது நீங்கள்தானே."

வாசகரே, அன்று நான் செய்த பிரசங்கம் கானாவூர்க் கலியாணத்தைப் பற்றியது. திராட்சரசம் குறைவுபட்டதை யாரும் சொல்லாமலே மரியாள் கண்டுகொண்டாள் என்று உருக்கமாகப் பேசினேன். பிரசங்கபீடத்துக்கு மிக அருகில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த என் மைத்துனர் வட்டிக்குப் பணம் வாங்கியிருந்ததும் எனக்குத் தெரியும். எவ்வளவு என்று தெரியாது, கேட்கவில்லை. பந்தியில் ஆயிரம் பேருக்குமேல் சாப்பிட்டார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்தேன்.

எனவே அந்த மாலையில் அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஊரில் என் தங்கை கோபத்தில் இருந்தாள். "ஆலயம் இல்லை, பாட்டு இல்லை, சனம் இல்லை. இது கல்யாணமா, ரேஷன் அட்டை வாங்குகிற காரியமா? நீங்களும் அதற்குப் போய் நிற்கிறீர்களாமே, அண்ணன்" என்று தொலைபேசியில் கேட்டாள். அவளுக்கும் பதில் சொல்ல முடியவில்லை.

ஏற்பாடுகள் எளியவை. அந்த மண்டபத்திலேயே இயங்கும் கவுண்டி கிளார்க் அலுவலகத்துக்கு மணமக்கள் இருவரும் நேரில் போய், அடையாளச் சான்றுகளைக் காட்டித் திருமண உரிமம் பெற வேண்டும். அது 90 நாட்களுக்குச் செல்லும். நம் நாட்டில் 1872-ஆம் ஆண்டின் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி போதகர்கள் நடத்தும் திருமணங்களுக்கு அறிவிப்பும் காத்திருப்பும் உண்டு அல்லவா? கலிபோர்னியாவில் அப்படி இல்லை. உரிமம் கையில் வந்த அன்றே திருமணம் செய்துகொள்ளலாம். ஆனால் சடங்குக்குத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். உடன் வருபவர் ஆறு பேருக்கு மேல் இருக்கலாகாது. மாப்பிள்ளையின் அண்ணன், அவர் மனைவி, மருமகளின் தோழி, நாங்கள் இருவர், கைக்குழந்தையை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு வந்த எங்கள் மகள்: அத்தோடு ஆறு முடிந்தது. கூலிக்கு ஒரு புகைப்படக்காரரை அமர்த்தினால் யாராவது ஒருவர் வெளியே நிற்க நேர்ந்திருக்கும். நான் கேமராவைத் தூக்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

முந்தின வாரமே ஒருநாள் தனியாகப் போய் வெளிச்சத்தைப் பார்த்து வந்தேன். 1906-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பழைய மண்டபம் அழிந்தபின், ஆர்தர் பிரவுன் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி எழும்பி 1915-இல் திறக்கப்பட்டது இது. இதன் குவிமாடம் வாஷிங்டன் நகரின் காப்பிட்டால் குவிமாடத்தைவிட உயரமானது. 1989-ஆம் ஆண்டு நிலநடுக்கம் இதையும் அசைத்தது. அதன்பின் கட்டடம் முழுவதையும் 500-க்கும் மேற்பட்ட ரப்பர்த் தாங்கிகள்மேல் அமர்த்திவிட்டார்கள். பூமி ஆடும்போது கட்டடம் விறைத்து நிற்காமல் சற்று விலகிக் கொடுக்குமாம். கன்மலையின்மேல் கட்டின வீட்டைப் பற்றியே பிரசங்கித்துப் பழகிய எனக்கு இது சிரிப்பையும் யோசனையையும் தந்தது.

படம் எடுப்பவர்களுக்காகச் சில குறிப்புகள். நடுக்கூடத்தில் பகல் வெளிச்சத்தோடு விளக்குகளின் மஞ்சளும் கலந்து வருகிறது. கூரை எட்டாத உயரத்தில் இருப்பதால் ஃபிளாஷை மேல்நோக்கி அடித்தாலும் பயனில்லை. ஐஎஸ்ஓவை 1600-க்கு மேல் உயர்த்தி, லென்ஸை முழுவதும் திறந்து, படபடவென்று அடிக்காமல் காத்திருந்து எடுக்க வேண்டும். பெரிய பளிங்குப் படிக்கட்டில் எந்நேரமும் இன்னொரு மணமகள் நிற்பாள். ஆள் விலகக் காத்திருந்தால் உங்கள் மணமக்களின் முகம் வாடிவிடும். நான்காம் மாடிக்குப் போங்கள். அங்கே பெரிய வளைவுச் சன்னல்களின் வழியாய் மென்மையான வெளிச்சம் விழுகிறது, கூட்டமும் குறைவு. எங்கள் நல்ல படங்களில் பாதி அங்கே எடுத்தவை.

அந்த நாட்களில் ரூத்தின் புத்தகம் நான்காம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்தேன். போவாஸ் போய் உட்கார்ந்தது ஊரின் வாசலில். அக்காலத்தில் வழக்குத் தீர்ப்பதும் நிலம் கைமாறுவதும் அங்கேதான். மூப்பர் பத்துப்பேரை உட்காரவைத்தான், பாதரட்சை கழற்றப்பட்டது, வந்திருந்த சனங்கள் சாட்சிகளானார்கள். ஆசாரியன் ஒருவனும் அந்த அதிகாரத்தில் இல்லை. பலமுறை பிரசங்கித்த பகுதியாயினும் அது எனக்குப் புலப்படவே இல்லை. இதனால் ஆலயத் திருமணம் தேவையற்றது என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதிருங்கள். சபையின் நடுவில் உடன்படிக்கை செய்வதையே இன்றும் நான் விரும்புகிறேன். என் மகளுக்கு அப்படித்தான் செய்தேன். ஆனால் என் மருமகள் போன வாசல் கர்த்தர் அறியாத வாசல் என்று சொல்ல என்னால் இனி முடியாது.

திருமண நாளில் வாசலில் பாதுகாப்புச் சோதனை முடிந்து, அலுவலகத்தில் பெயர் கொடுத்து, படிக்கட்டின் உச்சியில் உள்ள வட்டக்கூடத்துக்குப் போனோம். கறுப்பு அங்கி அணிந்த ஓர் அம்மையார் வந்தார். மணமக்களின் பெயர்களை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று இரண்டுமுறை கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த அக்கறையை நான் எப்போதும் காட்டியதில்லை. சடங்கு முழுவதும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. வாக்குறுதி சொல்லும் இடத்தில் மருமகளின் குரல் உடைந்தது. அவள் வெண்பட்டுச் சேலையின் மடிப்பில், இடுப்புக்கு அருகே, அவள் அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தை ஊக்கால் குத்தி வைத்திருந்தாள். லென்ஸின் வழியாகத்தான் அதை முதன்முதல் கண்டேன். அந்த ஒரு படம் சற்றுக் கலங்கலாக இருக்கிறது. என் கைதான் அசைந்தது.

பிறகு உரிமத்தில் கையெழுத்து. சாட்சி ஒருவர் வேண்டும். என் மனைவி போடட்டும் என்று நான் விலகினேன். "இல்லை மாமா, நீங்கள்தான். அடித்தல் திருத்தல் கூடாதாம், மெதுவாக எழுதுங்கள்" என்றாள் மருமகள். நடத்துபவரின் இடத்தில் அந்த அம்மையார் கையெழுத்திட, அதற்கு வேறான வரியில் என் பெயரை எழுதினேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல ஒவ்வோர் எழுத்தாக எழுத வேண்டியிருந்தது.

மதிய உணவு அருகே ஒரு சிறு கடையில். எட்டுப் பேருக்கு நான் பணம் கொடுத்தேன். மாப்பிள்ளை தடுத்தும் விடவில்லை. தாய்மாமன் சீர் அவ்வளவே.

நாற்பது படங்களைத் தங்கைக்கு அனுப்பினேன். நான்கு நாட்கள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் இரவு அழைத்தாள். நலம் விசாரித்தாள், பேரனுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டாள். வைப்பதற்கு முன், "அண்ணன், அந்தக் கடிகாரம் தெரிகிற படம் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது. அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட முடியுமா?" என்றாள்.

முடியும் என்றேன்.