உழைச்செல்வான்

நோய் தீர்தற்கு வேண்டியவை நான்கு என ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவப் பெருந்தகை எண்ணிக் காட்டுகிறார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து என்னும் மூன்றும் எவர்க்கும் எளிதில் நினைவுக்கு வரும். நான்காமவன் உழைச்செல்வான். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தே நின்று பணிபுரிபவன் அவன். கல்லூரியில் தமிழ்த் தேர்வுக்காக அக்குறளை மனப்பாடம் செய்தபோது யாம் அச்சொல்லை விரைந்து கடந்து சென்றோம். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. அதன் பொருள் எமக்கு உறைத்தது வகுப்பறையில் அன்று; பழனி மலைத்தொடரில், பண்ணைக்காட்டை அடுத்த எம் சிற்றூரின் தேநீர்க்கடை வாசலில், 2021ஆம் ஆண்டின் ஒரு மாலைப்பொழுதில்.

2020 மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்து விடுதி மூடப்பட்டபோது யாம் விலங்கியல் இரண்டாமாண்டு மாணவர். ஊர் திரும்பினோம். வீட்டில் கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை. காபித் தோட்டத்துக்கு மேலுள்ள பாறையில் ஏறினால் இரண்டு கோடு கிடைக்கும். மேகம் இறங்கினால் அதுவும் போகும். கல்லூரிப் பாடங்கள் யாவும் அப்பாறையின்மேல்தான் நடந்தன. அவ்வாண்டு ஏப்ரலில் நடுவண் அரசு ‘திக்சா’ தளத்தின் வாயிலாக மருத்துவர், செவிலியர் முதல் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் வரை அனைவர்க்கும் பெருந்தொற்றுக் காலப் பயிற்சிப் பாடங்களைத் திறந்துவிட்டது. அதில் பிறந்த ஆர்வம், வெளிநாட்டு நிறுவனமொன்று இணையவழி நடத்திய அவசர மருத்துவ நுட்புநர் படிப்பில் எம்மைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவ்வாண்டின் காபிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து எந்தையார் கட்டணம் செலுத்தினார். “இதைப் படிச்சா ஆஸ்பத்திரியில வேலை கிடைக்குமா?” என்று மட்டும் கேட்டார். கிடைக்கும் என்றோம். அதை ஆராய்ந்து பார்க்க எமக்குத் தோன்றவில்லை.

படிப்பு உண்மையிலேயே நன்றாக இருந்தது. மூச்சுப்பாதையைத் திறத்தல், குருதிப்பெருக்கை நிறுத்தல், ஒடிந்த எலும்புக்கு அணைகோல் கட்டுதல் என ஒவ்வொன்றும் அசைபடமாக விளங்கிற்று. நின்றுபோன இதயத்துக்கு மாற்றாக நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் அழுத்த வேண்டும். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இதனைக் காபித் தொலி அடைத்த சாக்கின்மேல் பழகினோம். சாக்குக்கு உயிர் வந்துவிட்டதா என்று தங்கை நாள்தோறும் விசாரிப்பாள். இறுதித் தேர்வில் 94 மதிப்பெண். சான்றிதழை வத்தலக்குண்டில் அச்சிட்டு, சட்டமிட்டு, சுவரில் மாட்டினார் எந்தையார்.

அந்த மாலையில், தேநீர்க்கடை வாசலில் பேசிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பேச்சின் நடுவிலேயே சாய்ந்து விழுந்தார். உறவுமுறையினர் அல்லர், எனினும் பெரியப்பா என்று அழைத்தே வளர்ந்தோம். கூட்டம் கூடிற்று. “படிச்ச பிள்ளையக் கூப்பிடுங்கப்பா” என்றது ஒரு குரல். ஓடிச் சென்று மண்டியிட்டோம். தோளைத் தட்டினோம், அசைவில்லை. ஆயினும் வாய் திறந்து மூடிற்று. குறட்டை போன்றதோர் ஒலி வந்தது. நெடிய இடைவெளிக்குப் பின் மீண்டும் ஒன்று. “மூச்சு இருக்கு” என்று அறிவித்து, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துக் காத்திருந்தோம்.

அது மூச்சன்று. இதயம் நின்றபின் மூளையின் அடித்தண்டு எழுப்பும் வெற்றுத் திணறல் அது. இதயம் நின்றோரில் பலர்க்கு முதல் சில நிமிடங்களில் இத்திணறல் காணப்படும். அதனை மூச்செனக் கருதி வாளாவிருத்தல் கூடாது. இவ்வளவும் எமக்குத் தெரியும். தேர்வில் அதே வினா வந்தது. சரியான விடையைத்தான் தொட்டோம். ஆனால் திரையில் கண்ட திணறல் ஒரு நடிகருடையது. இது எமக்கு மிட்டாய் வாங்கித் தந்த மனிதருடையது. உதடு நீலம் பாரித்து ஒலியும் அடங்கிய பின்னரே நெஞ்சில் கைவைத்தோம். முழங்கை மடிந்தது, எண்ணிக்கை தப்பிற்று, விலா எலும்பொன்று நெரியும் ஓசை கேட்டதும் அஞ்சிக் கையை எடுத்துவிட்டோம். முதியவர்களுக்கு நெஞ்சழுத்தம் தருங்கால் விலா முறிதல் இயல்பு, அதற்காக நிறுத்தலாகாது என்பதும் பாடத்தில் இருந்ததுதான். சாக்குக்கு விலா எலும்பு இல்லையே!

மலைவளைவுகளைக் கடந்து அவசர ஊர்தி எவ்வளவு விரைந்து வர இயலுமோ அவ்வளவு விரைந்து வந்தது. இறங்கிய நுட்புநர் எம்மினும் நான்கைந்து வயதே மூத்தவர். அவருடைய கைகள் ஒருமுறையும் தயங்கவில்லை. நெஞ்சழுத்தம் இன்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 விழுக்காட்டை உண்டுவிடும் என்பர். எம் காத்திருப்பு எத்தனை நிமிடம் என்று யாம் கணக்கிட்டதில்லை. கணக்கிட விரும்பவும் இல்லை. பெரியப்பா மருத்துவமனை சேரவில்லை. மூன்றாம் நாள் துக்கம் விசாரிக்கச் சென்றபோது பெரியம்மா எம் கையைப் பற்றி, “நீ ஒருத்தனாச்சும் தொட்டுப் பார்த்தியேப்பா” என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்போம். அன்றிரவு சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றிப் பரண்மேல் வைத்தோம். எந்தையார் பார்த்தார், ஏன் என்று கேட்கவில்லை.

பின்னர் முறையான பயிற்சிக்குச் சென்றோம். முதல் நாளே ஆசிரியை எம் கைகளின்மேல் தம் கைகளை வைத்து, ரப்பர்ப் பொம்மையின் நெஞ்சை அழுத்திக் காட்டினார். 5 சென்டிமீட்டர் என்பதற்கு எவ்வளவு உடற்பாரம் தேவை என்பதை அப்போதுதான் அறிந்தோம். அப்பொம்மைக்கு ஒரு வரலாறு உண்டு. நார்வே நாட்டில் விளையாட்டுப் பொம்மைகள் செய்துவந்த ஆசுமுண்ட் லேர்டால் என்பார் 1960ஆம் ஆண்டில் அதனை உருவாக்கினார். பாரிசில் சேன் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பெயரறியா இளம்பெண் ஒருத்தியின் முகவார்ப்பையே பொம்மைக்கு முகமாக வைத்தார். அவளைப் பிழைப்பிக்க எவரும் இல்லை. அவள் முகத்தைக் கொண்டு பழகியோர் உலகெங்கும் எத்தனையோ பேர்.

அவரைத் தூண்டியவர்களுள் ஒருவரான மருத்துவர் பீட்டர் சாபர், 1967இல் அமெரிக்காவின் பிட்சுபர்க்கு நகரில் ‘ஃபிரீடம் அவுசு’ அவசர ஊர்திப் பணி உருவாவதற்குத் துணைநின்றார். வேலையின்றி இருந்த கறுப்பின இளைஞர்களைத் தேர்ந்து, ஏறத்தாழ 300 மணிநேரம் பாடமும் மருத்துவமனைப் பயிற்சியும் அளித்தார். அவர்களுள் பள்ளிப்படிப்பை முடிக்காதோரும் இருந்தனர். அவர்கள் அந்நாட்டின் அவசர மருத்துவப் பணிக்கே முன்மாதிரி ஆயினர்.

எம் தந்தையார் கேட்ட கேள்விக்கு வருவோம். தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிற்று. அதில் மருத்துவ உதவியாளர் ஆதற்குச் செவிலியம் போன்ற படிப்புகளுடன் விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் பட்டங்களும் ஏற்கப்பட்டு வந்துள்ளன. தேர்ந்தெடுக்கப்பட்டோர்க்கு 50 நாள் வகுப்பறை, மருத்துவமனை, ஊர்திப் பயிற்சி. ஆக, எமக்குக் கதவைத் திறக்கக்கூடியது சுவரில் மாட்டிய தாள் அன்று; எம் விலங்கியல் பட்டமே! தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் விபத்து, அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் இளநிலைப் பட்டமும் உண்டு. துணைமருத்துவத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் படிப்புகளை 2025 சூலை-ஆகத்துப் பருவம் முதல் தொலைதூர, இணையவழி முறைகளில் நடத்தலாகாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்திருக்கிறது. மாணவ நண்பர்கள் பணம் கட்டுமுன் இதனை நினைவிற் கொள்க. பொதுமக்களுக்கென இந்திய மயக்கவியலாளர் சங்கம் 2017இல் வெளியிட்ட நெறிமுறையோ இன்னும் எளியது: வாய்வழி மூச்சு வேண்டா, நெஞ்சழுத்தம் மட்டும் போதும். அதற்கு ஒரு பொம்மையும் ஒரு பிற்பகலும் இருந்தால் எந்தக் கல்லூரியிலும் பழகலாம்.

திரையில் கற்றது முற்றும் வீண் என்று சொல்லோம். சொன்னால் நன்றி கொன்றவராவோம். இப்போது யாம் இம்மலையிலேயே ஓர் அவசர ஊர்தியில் பணிபுரிகிறோம். ஒரு மார்கழி விடியலில் தங்குவிடுதி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. சுற்றுலா வந்த நால்வர்க்குத் தலைவலி, வாந்தி, ஒருவர் அரைமயக்கம். விரல்நுனிக் கருவியில் உயிர்வளி அளவு 98 எனக் காட்டிற்று. முந்தைய இரவின் உணவே காரணம் என்று அனைவரும் பேசிக்கொண்டனர். அறை மூலையில் குளிருக்காக மூட்டிய கரியடுப்பின் சாம்பலைக் கண்டதும், பாறைமேல் அமர்ந்து படித்த பாடமொன்று அப்படியே எழுந்து வந்தது. கரி மோனாக்சைடு குருதிச் சிவப்பணுவைப் பற்றிக்கொண்டால் அந்தக் கருவி அதனை உயிர்வளி என்றே மயங்கும். 98 என்று பொய் சொல்லும். கதவு சன்னல்களைத் திறந்து, நால்வரையும் வெளியே கொணர்ந்து உயிர்வளி கொடுத்தோம். நால்வரும் பிழைத்தனர். கொடைக்கானல் கடல்மட்டத்துக்கு 2,100 மீட்டர் மேலே இருப்பது. அங்கே நலமானவர்க்கே அக்கருவி ஓரிரண்டு எண் குறைத்துக் காட்டலாம். 98 என்ற எண்ணே எம்மை ஐயுறச் செய்திருக்க வேண்டும் எனப் பின்னர் தோன்றிற்று. பாடத்தில் சொல்லாத அதனை மலைதான் சொல்லித் தந்தது.

சென்ற ஆண்டு நண்பர் இருவருடன் வெள்ளகவிக்குச் சென்றோம். வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் வழியாக இறங்கவேண்டும். கீழிருந்து வருவோர் பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரையிலிருந்து ஏறவேண்டும். நெடுங்காலம் சாலையின்றி இருந்த ஊர். நோயுற்றோரையும் கருவுற்றோரையும் டோலி கட்டித் தூக்கியே காத்தவர்கள் அவ்வூரார். சாலை வருமுன் கொடைக்கானலுக்கு வந்த வெள்ளைக்காரர்களையும் பெரியகுளம் பக்கமிருந்து மலைமக்களின் தோள்களே ஏற்றிவிட்டன. முதலுதவி கற்பிக்கச் சென்ற எமக்கு, முதலில் அவர்கள் கற்பித்தனர். நண்பர் ஒருவரை நோயாளியாகப் படுக்கவைத்து, கழியின் ஒரு முனையை எம் தோளில் ஏற்றினர். இருபது அடி செல்வதற்குள் நண்பர் அலறத் தொடங்கினார்.

“ஏறும்போது தலை முன்னால, இறங்கும்போது கால் முன்னால. அடியக் குட்டியா வை தம்பி” என்றார் பின்னால் வந்த முதியவர். முதல் வாக்கியம் எம் பாடத்தில் இருந்தது. இரண்டாவது எந்தப் பாடத்திலும் இல்லை. பின்பு அவர்களே தூக்கினர். நண்பரிடமிருந்து ஒலியே இல்லை.

மரத்தடியில் பொம்மையை வைத்ததும் அம்முதியவரே முதலில் வந்து மண்டியிட்டார். அவர் முழங்கை மடிந்தது. யாம் பக்கத்தே அமர்ந்து, அவர் கைகளின்மேல் எம் கைகளை வைத்து, “முழங்கை மடியக்கூடாதுங்க ஐயா” என்று சொல்லி அழுத்தினோம். பொம்மையின் நெஞ்சிலிருந்து ‘கிளிக்’ என்று ஒலி வந்தது. “இதுதானா?” என்று கேட்டுவிட்டு, அவர் ஒன்று, இரண்டு என எண்ணத் தொடங்கினார்.