பாட்டியின் ஒட்டுப்போர்வை

மாலை நான்கு மணியானால் கிள்ளானில் வாழும் அந்தப் பாட்டிக்குக் கை துறுதுறுக்கும். ஜாலான் தெங்கு கிளானாவிலுள்ள தையற்கடைகளில் கேட்டு வாங்கிய வெட்டுத்துணிகளைப் பரப்பிக்கொண்டு, பழைய தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்துவிடுவார். அடுத்த மாதம் பினாங்குக்குப் படிக்கச் செல்லும் பேத்திக்காக ஒட்டுப்போர்வை ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது.

வேலை ஒருநாளும் தடையின்றி நடந்ததில்லை. பாதித் தையலில் பாபினில் நூல் தீர்ந்துவிடும். ஊசியில் நூல் கோக்கக் கண் ஒத்துழைக்காது. பேத்தி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒருநாள் தைத்த பகுதியின்மேல் காப்பி சிந்தியது. அலசியபோது சிவப்புப் பாத்தேக் துண்டு சாயம்விட்டு, பக்கத்திலிருந்த வெள்ளையெல்லாம் இளஞ்சிவப்பாயிற்று. துணியைத் துவைத்த பிறகே வெட்ட வேண்டும் என்பது பாட்டிக்குத் தெரியாததன்று, ஆசை பொறுக்கவில்லை!

கடைசி வரிசையைப் பேத்தி தைத்தாள். எட்டுத் துண்டுகளை இணைக்க ஏழு தையல்கள். ஒவ்வொரு தையலும் ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் போனால், இரு பக்கமும் சேர்ந்து இரண்டு மில்லிமீட்டர் குறையும். அவளுடைய வரிசை 14 மில்லிமீட்டர் குறைந்திருந்தது.

"பிரித்துவிடட்டுமா, பாட்டி?"

தம் வரிசைகளை மூன்று முறை பிரித்துத் தைத்தவர் அவர்.

"வேண்டாம்மா, அது உன் கைத்தையல்" என்றார். குறைந்த இடத்தில் மெல்லிய பச்சைப் பட்டை ஒன்றை இணைத்தார்.

பேத்தி பினாங்கு சென்ற மறுநாள், வாளியில் புதிய வெட்டுத்துணிகள் ஊறிக்கொண்டிருந்தன.