செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு மேனாம்பேட்டுக்காரன்

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது கோல்ஃப் கத்துக்கொடுக்கிற கட்டுரை இல்லை. எனக்கே இன்னும் சரியா அடிக்க வராது. மேனாம்பேட்டில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு கார்க் பால் கிரிக்கெட். அதுவும் காலி மனை இருக்கிற வரைக்கும்தான். ஒவ்வொரு மனையிலும் வீடு வர வர, மட்டையைத் தூக்கிக்கிட்டு ஏரிப்பக்கம் போனோம்.

அப்படிப்பட்டவன் மேல்படிப்புக்குப் போய் இறங்கின ஊர் செயின்ட் ஆண்ட்ரூஸ், ஸ்காட்லாந்து. கோல்ஃப்காரர்களுக்கு அது காசி மாதிரி. அங்கே இருக்கிற ஓல்ட் கோர்ஸில் நம்ம காலத்துக்கு அறுநூறு வருஷம் முன்னாடியே ஆடியிருக்காங்களாம். ஒரு ஆட்டத்துக்கு ஏன் 18 குழி என்று யோசிச்சிருக்கீங்களா? இங்கே முதலில் 22 இருந்தது. 1764-ல் சிலதைச் சேர்த்து 18 ஆக்கினாங்க. பிறகு உலகமே அதைக் காப்பி அடிச்சது.

எனக்கு ஆச்சரியம் அது இல்லை. போய்ச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சும்மா நடந்து போனேன். உலகப் புகழ் பெற்ற மைதானத்தில் பாட்டிகள் நாயைக் கூட்டிக்கிட்டு நடக்கிறாங்க, குழந்தைகள் ஓடுது. விசாரிச்சா, ஞாயிறு ஆட்டம் கிடையாது, யார் வேணா நடக்கலாம். நிலம் ஊருக்குச் சொந்தம். ஊர் ஜனங்கள் இங்கே விளையாடலாம் என்று 1552-லேயே ஆர்ச்பிஷப் சாசனம் எழுதிக் கொடுத்திருக்கார். நம்ம ஊரில் கோல்ஃப் என்றாலே வாட்ச்மேன், கேட், மெம்பர்ஸ் ஒன்லி போர்டுதானே? கல்கத்தாவில் 1829-லேயே கிளப் வந்தாச்சு, பிரிட்டனுக்கு வெளியே அதுதான் மூத்தது. ஆனா நானும் நீங்களும் உள்ளே போனதில்லை.

எங்க வீட்டில் ஒருத்தர் போயிருக்கார். அப்பா.

எண்பதுகளில், பத்தாவது முடிச்ச கையோடு, சிட்டியில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் ரெண்டு வருஷம் பை தூக்கினார். கேடி வேலை. எந்தத் தூரத்துக்கு எந்த நம்பர் மட்டை, காத்து எந்தப் பக்கம், எல்லாம் அத்துப்படி. ஆனா ஒரு தடவைகூட பந்தை அடிச்சதில்லை. கேடிப் பசங்க மட்டையைச் சுத்தக்கூடாது, பார்த்தா அன்னிக்குக் கூலி கிடையாது. அப்புறம் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைக்குப் போயிட்டார். கேடியா ஆரம்பிச்ச அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓப்பன் ஜெயிச்சதை மட்டும் இன்னமும் சொல்வார், ஏதோ பக்கத்து வீட்டுப் பையன் ஜெயிச்ச மாதிரி.

அதனால்தான் நானும் ஆரம்பிச்சேன். மாணவர்களுக்குச் சலுகை விலையில் வருஷச் சீட்டு உண்டு. கல்விக்கடன் வாங்கிப் படிக்கிறவனுக்கு இதெல்லாம் தேவையா என்று நீங்க கேட்கலாம். நானும் கேட்டேன். கேட்டுட்டு வாங்கிட்டேன் :-) பழைய மட்டை செட்டு ஒன்னு சல்லிசா கிடைச்சது. பால்கோவ் என்ற ஒன்பது குழி மைதானம் கத்துக்குட்டிகளுக்கானது, எட்டு வயசுப் பொடியன்கள் என்னைத் தாண்டிப் போவாங்க. ஒன்றரை வருஷம் கழிச்சு ஓல்ட் கோர்ஸில் ஆடுற அளவுக்கு ஹேண்டிகேப் வந்தது.

அங்கே ரெண்டு நாள் முன்னாடி குலுக்கல் போடுவாங்க. பல தடவை ஏமாந்து, ஒரு மார்ச் மாதம் எங்க நாலு பேர் பெயர் வந்தது. நான், மதுரைக்காரன், ஒரு லூதியானா சிங், ஒரு உள்ளூர்க்காரன். அன்னிக்குக் கடல்காத்து ஆளையே தள்ளுது. குளிர்காலத்தில் புல்லைக் காப்பாத்த சின்னப் பாய் கொடுப்பாங்க, ஃபேர்வேயில் அதன்மேல் பந்தை வெச்சுத்தான் அடிக்கணும்.

முதல் அடியை வேடிக்கை பார்க்க எப்பவும் கூட்டம் நிக்கும். கை நடுங்கிச்சு. பந்து ஒரு அறுபது கெஜம் உருண்டது. ஒரு தாத்தா கை தட்டினார், பாவம் பார்த்து.

மொத்தம் 112 மணல் பள்ளங்கள். பாதிக்கு மேல் கண்ணுக்கே தெரியாது, பந்து போனதும்தான் தெரியும். பதினாலாவதில் இருப்பதற்குப் பெயரே ஹெல் பங்க்கர், நரகம். 1995 ஓப்பனில் ஜாக் நிக்லஸே அதில் சிக்கி அந்தக் குழிக்குப் பத்து எடுத்தார். மதுரைக்காரன் அதில் இறங்கினான். கொஞ்ச நேரம் மணல் மட்டும்தான் வெளியே வந்தது.

பதினேழாவதுதான் ரோட் ஹோல். ஹோட்டல் வளாகத்தின் மூலைக்கு மேலே பந்தைத் தூக்கி அடிக்கணும். எங்க தெருவில் சுவத்துக்கு அந்தப் பக்கம் போனா அவுட், இங்கே ஹோட்டலுக்குள்ள போனா ஒரு அடி தண்டம், மறுபடி அதே இடத்திலிருந்து அடிக்கணும். நான் முதல் பந்தை ஹோட்டலுக்கே கொடுத்தேன். அஞ்சாவது அடி நேரா ரோட் பங்க்கரில். 1978-ல் ஜப்பானின் நாகஜிமா இந்தப் பள்ளத்தில் மாட்டி மொத்தம் ஒன்பது எடுத்தார்.

ஆள் உயரச் சுவர். முன்னாடி பார்த்து அடிச்சேன், காலடிக்கே வந்தது. திரும்ப அடிச்சேன், திரும்ப வந்தது. பின்னாடி அடுத்த செட் ஆட்கள் காத்திருக்காங்க. பந்தைக் கையில் எடுத்துட்டுப் போயிடலாம்னு தோணிச்சு. 1921-ல் பாபி ஜோன்ஸே இதே மைதானத்தின் பதினோராவதில் அப்படித்தான் எடுத்துட்டுப் போனார். அப்போதான் அப்பா போனில் சொன்னது ஞாபகம் வந்தது: "வெளிய வர முடியலேன்னா கொடியைப் பாக்காதடா. எந்தப் பக்கம் சுவர் கம்மியோ அந்தப் பக்கம் அடி. மானம் போகாது."

பின்பக்கம் திரும்பி அடிச்சேன். வந்துடுச்சு. அப்புறம் மூணு பட். மொத்தம் பதினொன்னு, நாகஜிமாவை விட ரெண்டு கூட.

பதினெட்டில் ஸ்வில்கன் பாலத்தில் நின்னு போட்டோ எடுத்தோம். ஆடு மாடு ஓட்டிப் போக எழுநூறு வருஷம் முன்னாடி கட்டின கல்பாலம். மொத்தம் 121. அங்கிருந்தே வீட்டுக்கு வீடியோ கால். அங்கே ராத்திரி ஒன்பதரை, அப்பா சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். ஸ்கோரைக் கேட்கலை.

"பை யார்டா தூக்கினது?"

"நானேதான்பா."

கொஞ்ச நேரம் பேசலை. "தோள்பட்டை வார் இறுக்கமா இருக்கணும், இல்லேன்னா முதுகு போயிடும்" என்றார். அப்புறம் மைதானத்தைக் காட்டச் சொன்னார். போன் பேட்டரி தீரும் வரைக்கும் காட்டினேன்.

அடுத்த வருஷம் பட்டமளிப்புக்கு அப்பா வரணும். விசா, டிக்கெட் எல்லாம் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கேன். ஹேண்டிகேப் இல்லாம ஓல்ட் கோர்ஸில் விட மாட்டாங்க. ஆனா பால்கோவில் யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க. ஒரு ஏழாம் நம்பர் மட்டையைத் துடைச்சு வெச்சிருக்கேன்.