நாசிக்கின் சின்ன ஒயின் ஆலைகள்

நாசிக் மாவட்டத்து ஒயின் ஆலைகள் ஒரே இடத்தில் கூடியிருப்பவை அல்ல. கங்காபூர் அணையை ஒட்டிச் சில, திண்டோரி பக்கம் சில, மும்பை சாலையில் இகத்புரிக்கு அருகே சில, கிழக்கே நிபாட், விஞ்சூர் என்று வெங்காய மண்டிகளுக்கு நடுவே சில. ஷீரடிக்கும் திரியம்பகேஸ்வரத்துக்கும் போகும் தமிழ் யாத்ரிகர்கள் இந்தத் தோட்டங்களைத் தாண்டித்தான் போகிறார்கள். ஆனால் சாலையிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். தலைக்கு மேல் பந்தலாகப் படர்ந்திருந்தால் பெரும்பாலும் தின்னும் திராட்சை. இடுப்புயரத்தில் கம்பிவேலி போல வரிசையாக நின்றால் ஒயின் திராட்சை. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டாலே பாதி வழி தெரிந்த மாதிரி.

தின்னும் திராட்சை இங்கே பழைய பயிர். ஒயின் புதிது. மகாராஷ்டிரத்தில் இதற்குப் பிள்ளையார் சுழி போட்டது நாசிக் அல்ல, புனே மாவட்டத்து நாராயண்காவ். அங்கே 1980களில் சாம்ராவ் சௌகுலே பிரெஞ்சுத் தொழில்நுட்ப உதவியோடு இண்டேஜ் ஆலையை நிறுவி, நுரைக்கும் ஒயின் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பினார். நாசிக்கின் கதை அமெரிக்காவில் படித்து வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ராஜீவ் சாமந்திடமிருந்து தொடங்குகிறது. குடும்ப நிலத்தில் அவர் செனின் பிளாங், சாவிக்னான் பிளாங் கொடிகளை நட்டார். கலிஃபோர்னிய ஒயின் வல்லுநர் கெர்ரி டாம்ஸ்கி துணை நிற்க, அவர் நிறுவிய சுலா ஆலையின் முதல் ஒயின் 2000-இல் வந்தது. மறு ஆண்டே மாநில அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென ஒரு கொள்கையை அறிவித்தது. கலால் வரிச் சலுகை கிடைத்தது; நாசிக் மாவட்டத்து விஞ்சூரிலும் சாங்லி மாவட்டத்துப் பலூஸிலும் ஒயின் பூங்காக்கள் உருவாயின. சின்ன ஆலைகள் முளைத்தது இந்த ஈரத்தில்தான். அதுவரை திராட்சையை மண்டிக்கு ஏற்றிக்கொண்டிருந்த குடும்பங்கள் பலவும் எஃகுத் தொட்டி வாங்கின.

திராட்சை குளிர்நாட்டுப் பயிர். ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் கொடி இலையுதிர்த்து உறங்கும், வசந்தத்தில் துளிர்க்கும், இலையுதிர் காலத்தில் பழுக்கும். நாசிக் இருப்பது ஏறத்தாழ 20 பாகை வட அட்சத்தில். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 600 மீட்டர் உயரம் இருந்தும் கொடியை உறங்க வைக்கும் அளவுக்குக் குளிர் நீடிப்பதில்லை. எனவே பருவம் செய்ய வேண்டிய வேலையைக் கத்தரிக்கோல் செய்கிறது. ஏப்ரலில் ஒரு கவாத்து. அது காய்க்காக அல்ல. புதுக் கிளை விட்டு, அதன் மொட்டுகளுக்குள் அடுத்த பூங்கொத்து கருக்கொள்வதற்காக. மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது கவாத்து. காய் பிடிப்பது இதன் பிறகுதான். மொட்டுகள் ஒரே சீராக வெடிக்க ஹைட்ரஜன் சயனமைடு என்ற வேதிப்பொருளைக் கிளைகளில் தடவுவதும் உண்டு. இப்படி இரண்டு முறை வெட்டி ஒரே ஒரு வெள்ளாமை எடுக்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையை ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை அறுத்துப் பழகியவருக்கு இது வீண் செலவாகத் தோன்றலாம். ஆனால் நாசிக்கில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழையில் பழம் தொங்கினால் அடிச்சாம்பல் நோயும் அழுகலும் ஒரு கொத்தைக்கூட மிச்சம் வைக்காது.

இந்த ஏற்பாட்டில் ஒரு லாபமும் இருக்கிறது. பழம் தேறும் டிசம்பர், ஜனவரியில் பகலில் 30 பாகை வரை வெயில் அடித்தாலும் இரவில் 10 பாகைக்கு இறங்கும். நிபாடில் சில ஆண்டுகள் 5 பாகைக்கும் கீழே போய், கொடி கருகாமலிருக்கத் தோட்டத்தில் தீ மூட்டுகிறார்கள். பகல் வெயில் சர்க்கரையை ஏற்றும், இரவுக் குளிர் புளிப்பைக் கரையவிடாமல் காக்கும். அறுவடைக்கு முந்தைய வாரம் தோட்டக்காரர் கையில் சர்க்கரை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இருக்கும். நாலைந்து கொத்துகளிலிருந்து ஒவ்வொரு பழமாகப் பறித்து, கண்ணாடிமேல் ஒரு சொட்டுச் சாறு பிழிந்து, மூடியைச் சாத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு தெரியும். அது சர்க்கரை அளவில் 22, 23 பிரிக்ஸைத் தொட்டதும் பறிக்கும் ஆட்களுக்குச் சொல்லியனுப்புகிறார்கள். பறிப்பு பெரும்பாலும் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறிய பழம் ஆலைக்குப் போனால் அதைக் குளிர்விக்கும் மின்செலவு ஆலையின் தலையில் விழும்.

2008-க்குப் பிறகு வந்த சரிவைச் சொல்லாமல் இந்த ஆலைகளின் இன்றைய நிலை புரியாது. கொள்கையை நம்பிக் கண்மண் தெரியாமல் நட்டிருந்தார்கள். உலகப் பொருளாதாரம் சுருங்கியது. அந்த ஆண்டு நவம்பர் 26 அன்று மும்பையில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு, ஒயினை அதிகம் வாங்கிய அந்நகர நட்சத்திர ஓட்டல்கள் வெறிச்சோடின. வெளிநாட்டு நிறுவனங்களைக்கூட வாங்கிப் பரந்திருந்த இண்டேஜ் கடனில் மூழ்கியது. மண்டியில் விலை படியாத தின்னும் திராட்சையை உலர்த்தினால் கிஸ்மிஸாவது ஆகும். ஒயின் திராட்சைக்கு அந்த வழியும் இல்லை. சிறுத்த பழம், தடித்த தோல், உள்ளே கொட்டை, தின்ன யாரும் வாங்க மாட்டார்கள். பலர் கொடியை வேரோடு பிடுங்கிவிட்டுத் திரும்பவும் பந்தல் போட்டார்கள். சின்ன ஆலைகள் சில பூட்டப்பட்டன, சில பெரிய ஆலைகளுக்குப் பிழிந்து கொடுக்கும் கூலி வேலைக்கு இறங்கின.

தப்பியவற்றுக்கும் பிழைப்பு எளிதல்ல. மது மாநிலப் பட்டியலில் இருப்பதால் ஒவ்வொரு மாநிலமும் ஒரு தனி நாடு. அங்கே விற்க உரிமம் வேண்டும், ஒவ்வொரு லேபிளையும் கட்டணம் கட்டிப் பதிய வேண்டும். இருநூறு பெட்டி மட்டும் செய்த ஓர் ஒயினை இன்னொரு மாநிலத்துக்கு அனுப்பினால் பதிவுக் கட்டணமே லாபத்தைத் தின்றுவிடும். மகாராஷ்டிரத்துக்குள் 20 சதவீத மதிப்புக் கூட்டு வரியில் 16 சதவீதத்தைத் திருப்பித் தரும் திட்டம் ஒன்று சின்னவர்களை ஓரளவு தாங்குகிறது. பெரிய மளிகைக் கடைகளிலும் ஒயின் விற்கலாம் என்று 2022 ஜனவரியில் மாநில அமைச்சரவை எடுத்த முடிவு எதிர்ப்பில் நின்றுபோனது. மிஞ்சுவது ஆலையின் சொந்த வாசல்தான். ருசி பார்க்கும் கூடத்தை 2005-இல் சுலா திறந்து வழிகாட்டியது. இன்று அதன் வளாகம் வார இறுதிகளில் திருவிழாக் கூட்டம் காண்கிறது. சின்ன ஆலைகளின் கூடங்கள் அந்த இரைச்சலுக்கு அப்பால், மண் சாலையின் முடிவில் இருக்கின்றன.

சின்ன இடத்தில் ஊற்றித் தருபவர் பல நேரம் காலையில் தொட்டிகளைப் பார்த்துவிட்டு வந்தவராகவே இருப்பார். மனப்பாடப் பேச்சு கிடையாது. அறுவடைக் காலமானால் கேட்காமலேயே தொட்டியின் குழாயைத் திருகி, இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் செனின் பிளாங்கைப் பிடித்துக் கொடுப்பார். மோர் போலக் கலங்கலாக, நாக்கில் சுறுசுறுவென்று, ஈஸ்டும் செங்காய்க் கொய்யாவும் கலந்த வாசனையோடு இருக்கும். பழைய சிவப்பு ஒயின்களில் ரப்பர் எரிந்த வாடை அடித்ததே என்று கேட்டால், மழுப்பாமல் அதற்கும் பதில் சொல்வார்.

எதைத் தேடிப் போவது என்பதில் கொஞ்சம் ஓரவஞ்சனை தவறில்லை. எல்லாரிடமும் இருக்கும் கேபர்னேவைவிட, ஓர் ஆலை தன் போக்கில் முயன்று பார்த்ததே முதலில் ருசிக்கத் தக்கது. இகத்புரி பக்கத்து வல்லோனே, பழத்தை வாடவிட்டுப் பிழிந்த இனிப்பு ஒயினுக்குப் பெயர் பெற்றது. நிபாடின் ரெவெய்லோ, க்ரில்லோ, நீரோ டாவொலா போன்ற இத்தாலியத் தென்கோடி வகைகளை நட்டது. வெயிலுக்குப் பழகிய அவை தக்காணத்து மண்ணுக்கு ஒத்துவருவதில் வியப்பில்லை. கங்காபூர் அணைக்கரையில் ஒரு குடும்பம் நடத்திவந்த யார்க் ஆலையை 2021-இல் சுலாவே வாங்கிவிட்டது. பொதுவாக வெள்ளை ஒயின்கள் சிவப்பைவிட நம்பகமானவை. ஷிராஸ் நன்றாக அமைந்த ஆண்டில் மிளகு வாசம் தெளிவாகத் தெரியும்.

போவதற்கு ஏற்ற காலம் ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை. ஆகஸ்டில் போனால் மலை பச்சையாக இருக்கும், கொடியில் இலை மட்டும் இருக்கும், தொட்டிகள் அமைதியாகக் கிடக்கும். வெள்ளை ஒயினை அந்தந்த ஆண்டிலேயே குடித்துவிடுவது நல்லது. வாங்கிய பாட்டிலைக் காரின் டிக்கியில் போட்டால் கசாரா மலைப்பாதை இறங்கி மும்பை சேர்வதற்குள் வெந்துவிடும்; ஏசி காற்று படும்படி இருக்கைக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும்.