6ஈ10 எதைக் கண்டது?

அல்சைமர் ஆய்வுக்கூடங்களில் 6ஈ10 என்னும் பெயரைக் கேளாதவர் அரியர். பீட்டா அமைலாய்டைத் தேட உதவும் எதிர்ப்பொருள்களுள் மிகவும் புழங்கியது அது. வெஸ்டர்ன் பிளாட்டில் ஒரு பட்டை தெரிந்தவுடன், அமைலாய்டைக் கண்டுவிட்டதாகப் புதிதாகச் சேர்ந்த மாணவர் மகிழ்வார். அம்மகிழ்ச்சி சற்றே பொறுக்கலாம்.

6ஈ10 அறிவது, அப்பெப்டைடின் முதல் 16 அமினோ அமிலங்களுக்குள் அடங்கிய ஒரு சிறு வரிசையை மட்டுமே. அவ்வரிசையோ 21ஆம் குரோமோசோமிலுள்ள ஏபிபி மரபணு உருவாக்கும் முழுநீளத் தாய்ப்புரதத்திலும் உண்டு. ஆல்பா செக்ரிடேஸ் வெட்டி வெளியிடும், அமைலாய்டாக மாறவே இயலாத துண்டிலும் உண்டு. சொல்லடைவில் ‘கண்’ என்று தேடுபவருக்குக் கண்ணாடியும் கண்டமும் கண்ணியும் சேர்ந்தே அகப்படுகின்றன. அனைத்தையும் விழி என்று எண்ணிக் கூட்டினால் பிழை தேடலில் இல்லை. ஆகவேதான் பட்டையின் மூலக்கூறு எடையைப் பார்க்க வேண்டியிருக்கிறது; 40இலோ 42இலோ முடியும் நுனியை மட்டும் அறியும் எதிர்ப்பொருள்களைத் துணைக்கழைக்க வேண்டியிருக்கிறது. 6ஈ10 மனித வரிசைக்கு உரியது. எனவே மனித ஏபிபி ஏற்றப்பட்ட எலியை ஆய்பவர், அது ஏற்றப்படாத எலியின் மூளைச் சாற்றையும் பக்கத்திலேயே ஓட்டிப் பார்த்தாக வேண்டும். செலவு கருதி இதைக் கைவிடுவது சிக்கனமன்று.

பெயரைப் பொருளாகக் கொள்ளும் இந்த அவசரம் ஆய்வுக்கூடத்தோடு நின்றால் கேடு சிறிதே. ஆனால் எதிர்ப்பொருள் இன்று மருந்தாகவும் ஆகிவிட்டது. 2023இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற லெக்கனெமாப், 18 மாதச் சோதனையில் நோயின் சரிவை 27 விழுக்காடு மந்தப்படுத்தியது. அதே சோதனையில் மருந்து பெற்றோருள், ஏபோ-ஈ மரபணுவின் ஈ4 வடிவத்தை இரட்டையாகக் கொண்டவர்களில் 32.6 விழுக்காட்டினருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தென்பட்டது. ஈ4 அறவே இல்லாதவர்களில் 5.4 விழுக்காட்டினருக்கே.

ஹரியானாவின் பல்லப்கர் சிற்றூர்களில் நடந்த இந்திய-அமெரிக்க ஆய்வு, பென்சில்வேனியாவின் ஒரு பகுதியோடு ஒப்பிட ஈ4 அங்குக் குறைவு எனக் காட்டியது. நல்ல ஆய்வு, ஆனால் அதை ‘இந்தியருக்கு ஈ4 குறைவு’ என்று சுருக்குவோர் உளர். போர்ட் பிளேரின் ஹேடோவை எண்ணிப் பார்க்கலாம். கப்பலேறி வந்த தமிழர், தெலுங்கர், வங்காளியர், ராஞ்சியிலிருந்து வந்தோர் எனப் பல வழியினர் கலந்து வாழும் தீவு நகரம் அது. பல்லப்கரின் எண் இவர்களுள் எவருடையது? அத்தகைய மருந்து அங்கு வந்து சேரும் நாளில், ஊசிக்கு முன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஏபோ-ஈ சோதனை செய்தாக வேண்டும். முடிவை அவரவர் மொழியில் விளக்கிச் சொல்ல ஒருவரும் வேண்டும்.